ஆசாரத்துல ஒரு ஆட்டப்பொட்டி

ரெண்டு நாளா தூறல் விடாம இருக்குது. களைவெட்டு நின்னு போச்சு. ரொம்ப நாளா எழுதோணும்னு நெனச்ச ஒரு சங்கதியை இன்னைக்கு எழுதிப்போடலாம்னு உக்காந்தேன்.

எங்கூட்டு ஆசாரத்துல டிவிக்குப் பின்னாடி சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு கருப்புப் பொட்டி இருக்குது. நோம்பிக்கு வந்த ஒறம்பரைக எல்லாம் "அதென்னுங்க, கேபிள் பாக்ஸா?"ன்னு கேட்டாங்க. இல்லீங்க, அது கம்ப்யூட்டர். மினி பிசின்னு சொல்றாங்க. பையன் கேம் வெளையாடறதுக்கு நானே வாங்கி, நானே கழட்டி மாட்டி வச்சதுன்னு சொன்னதும், "படிக்கற பையனை நீங்களே கெடுக்கறீங்க"ன்னு பெரிய மச்சான் முகத்துக்கு நேராவே சொல்லிட்டாரு. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்க எழுதறேன்.

நடந்தது இதுதான். பையன் பிளஸ் ஒன் படிக்கறான். போன வருசம் பொழுதுக்கும் போனும் கையுமா கெடந்தான். ஒரு நாள் பால் பணம் எடுக்கலாம்னு பேங்குக்குப் போனா, கணக்குல 4,300 ரூபா கம்மியா இருக்குது. விசாரிச்சா, போன் கேம்ல வர்ற துப்பாக்கிக்குப் பளபளன்னு ஒரு சட்டை வாங்கியிருக்கான். ஆமாங்க, துப்பாக்கிக்குச் சட்டை! ஓடிபி என் போனுக்குத்தான் வந்திருக்குது, நான் தோட்டத்துல மடை மாத்திக்கிட்டு இருந்த நேரம் பாத்து எடுத்திருக்கான். ரெண்டு மாடு கறந்த காசு.

கை ஓங்கிட்டேன். அம்மிணி குறுக்க வந்து நின்னா. அன்னைக்கு ராத்திரி யாரும் சரியாச் சாப்பிடலை.

ரம்மி மாதிரி பணம் வச்சு ஆடற ஆட்டத்தால எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். தமிழ்நாட்டுல 2022ல சட்டம் போட்டாங்க. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றமே தடைச் சட்டம் கொண்டு வந்துச்சு. நல்லதுதான். ஆனா துப்பாக்கிச் சட்டை சூதாட்டத்துல வராதுங்க. அது வெறும் கடைச் சரக்கு. பையன் மனசு இளகற நேரம் பாத்து விக்கற கடை. அதுக்குச் சட்டம் வந்து காவல் காக்காது, ஊட்டுல இருக்கற நாமதான் காக்கோணும்.

போனைப் புடுங்கி வச்சா? கூட்டாளி போன்ல ஆடுவான். அதனால நான் ஆட்டத்தைப் புடுங்கலை, ஆட்டம் நடக்கற எடத்தை மாத்தினேன். படுக்கையில போர்வைக்குள்ள நடந்தது இப்ப ஆசாரத்துல பெரிய டிவியில, எல்லாரும் பாக்க நடக்குது. என் கட்சி இவ்வளவுதாங்க.

கேமிங் கம்ப்யூட்டர்னு கடையில கேட்டா எழுபதாயிரம், எம்பதாயிரம்னாங்க. தென்னைக்கு வெள்ளை ஈயும் வேர் வாடலும் வந்து காப்பு பாதியாக் கெடக்கற நேரத்துல அதுக்கு எங்க போறது? காந்திபுரம் பக்கம் ஒரு பழைய கம்ப்யூட்டர் கடையில, ஆபீஸ்காரங்க கழிச்சுப்போட்ட மினி பிசி பன்னண்டாயிரத்துக்குக் கெடைச்சுது. உள்ள ரைசன் 5 புரோ 2400ஜிஇ பிராசசர். வேகா 11 கிராபிக்ஸ் அதுலயே சேந்து வருது. 35 வாட் சிப்பு.

கொண்டாந்து போட்டா ஆட்டம் திக்கித் திக்கி ஓடுச்சு. பையன் மூஞ்சி தொங்கிப்போச்சு. எனக்கு ரோசம் வந்துருச்சுங்க. கோயமுத்தூர்க்காரன் மோட்டார் காயில் போனா மோட்டாரைத் தூக்கியா எறியறோம்? காயில் கட்டித் திருப்பி ஓட்டறோமில்ல? ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

மொத வேலை ராம். இந்த மாதிரி சிப்புல கிராபிக்ஸுக்குன்னு தனி மெமரி கெடையாது, ராம்ல இருந்துதான் பங்கு எடுக்கும். உள்ள ஒரே ஒரு 8 ஜிபி குச்சி இருந்துச்சு. அதே மாதிரி இன்னொரு 8 ஜிபி வாங்கிப் பக்கத்து சிலாட்ல மாட்டினேன். டூயல் சேனல்னு சொல்றாங்க. சேனல்னா வாய்க்கால்தானுங்களே? ஒத்தை வாய்க்கால்ல பாயற தண்ணியை ரெட்டை வாய்க்கால்ல விட்டா காடு சீக்கிரம் நனையும். அதே கணக்கு. 16 ஜிபி ஒரே குச்சியா வாங்கறதை விட ரெண்டு எட்டா வாங்கறதுதான் இதுக்கு நல்லது. ஒண்ணு சொல்லோணும், 2025 கடைசியில இருந்து ராம் வெலை ஏறிக் கெடக்குது. ஏஐ கம்பெனிக்காரங்க மெமரியை மொத்தமா அள்ளிக்கறாங்களாம். நான் பழசு வாங்கித்தான் தப்பிச்சேன்.

ரெண்டாவது, பழைய ஹார்டு டிஸ்கை விட்டுப்போட்டு 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. இப்பத்த பெரிய ஆட்டம் ஒண்ணே 100 ஜிபிக்கு மேல எடம் கேக்குது. மூணாவது, காசே இல்லாத வேலை மாதிரி, ஆனா பெரிய வேலை: பேன்ல அடைஞ்சிருந்த புழுதியைப் பழைய பெயிண்ட் பிரசால தட்டிவிட்டு, சிப்பு மேல காஞ்சு கெடந்த பேஸ்ட்டைத் தொடச்சு புதுசு தடவினேன். தென்னந்தோப்பு ஊடுகள்ல நார்த்தூசி சும்மா உடாதுங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா தொடைக்கோணும்.

இந்த சிப்புக்கு விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. அதனால லினக்ஸ் போட்டு, அதுல ஸ்டீம் போட்டோம். விண்டோஸ் ஆட்டம் நெறைய அதுலயே ஓடுது. ஜிடிஏ 5 மாதிரி ஆட்டம் 720பில நல்லாவே போகுது. புத்தம்புது பெரிய ஆட்டம் ஓடாது, வேலரண்ட் மாதிரி சிலது லினக்ஸ்லயே வராது. வாங்கறதுக்கு முன்னாடியே பையன்கிட்ட அதைச் சொல்லிடுங்க. ஆசை காட்டி மோசம் பண்ணக் கூடாது.

கரண்டு? அடாப்டர் 65 வாட். தினம் ரெண்டு மணி நேரம் முழு வேகத்துல ஓடுனாலும் 60 நாளைக்கு 8 யூனிட்டுக்குள்ளதான். நம்ம 5 எச்பி மோட்டார் ரெண்டு மணி நேரத்துல அதைத் தின்னுரும்.

இப்பத்தான் என் பங்கு வருது. நாங்க பள்ளிக்கூடம் போகையில டிவில சொருகற கேசட் கேம் வாடகைக்கு வெளையாடுவோம். கான்ட்ரான்னா உசுரு. கடையில ஒரு மணி நேரத்துக்கு அஞ்சு ரூபா. அதைச் சேக்கறதுக்கு நான் பொறுக்குன புளியங்கொட்டை எவ்வளவுன்னு எனக்குத்தான் தெரியும். அந்தப் பழைய ஆட்டங்களை கொனாமி கம்பெனியே 2019ல ஒரே தொகுப்பா விட்டிருக்குது. கண்ட எடத்துல திருட்டுத்தனமா எறக்காம, காசு குடுத்தே வாங்கினேன்.

மேல மேல, கீழ கீழ, எடது வலது எடது வலது, பி, ஏ. விரல் மறக்கலீங்க! முப்பது உசுரு வந்ததும் பையன் என்னைப் பாத்த பார்வை இருக்குதே, தேங்காய்க்கு நல்ல வெலை கெடைச்சப்பக்கூட அப்படி யாரும் என்னைப் பாத்ததில்லை.

மூணாவது கட்டம் அருவி. ரெண்டு பேரும் மேல ஏறிக்கிட்டே போகோணும். ஒருத்தன் வெடுக்குன்னு ஏறிட்டா திரையும் கூடவே மேல போயிரும், கீழ நிக்கறவன் செத்துப்போவான். நான் ஏறிக்கிட்டே இருந்தேன். நாலு தடவை அவன் செத்தான். "அப்பா, கொஞ்சம் நில்லுங்கப்பா, நானும் வர்றேன்"னான்.

கன்ட்ரோலரைக் கீழ வச்சுட்டு ஒரு நிமிசம் சும்மா உக்காந்துட்டேன். அந்த 4,300 ரூபாயப் பத்தி அன்னைக்குத்தான் அவனே பேச்செடுத்தான். வகுப்புல எல்லாத்துக்கிட்டயும் அந்தச் சட்டை இருந்துச்சாம், இவனை மட்டும் "பட்டிக்காட்டான்"னு கூப்பிட்டாங்களாம். கை ஓங்குன அன்னைக்கு இதை நான் கேக்கவே இல்லீங்க.

மச்சானுக்கு இதுதான் பதில். ஆட்டம் பையனைக் கெடுக்கறதில்லை, தனியா ஆட உட்டதுதான் கெடுக்குது. இப்ப சாயங்காலம் மாடு கறந்து முடிச்சதும் ஒரு மணி நேரம் ஆடறோம். பரீட்சை வந்தா பொட்டி வயரை அவனே கழட்டி அம்மாகிட்டக் குடுத்துடறான். அம்மிணி மட்டும், "ஏனுங்க, அவனுக்கு மேல நீங்கதான் கெட்டுப்போயிட்டீங்க"ங்கறா.

அதுவும் நெசந்தானுங்க.