இரவில் மூச்சுக்குக் காவல்



மருதமுனையில் தறிச் சத்தம் கேட்கும் ஒரு வளவுக்குச் சில மாதங்களாகப் போய்வருகிறேன். அங்கே பதின்மூன்று வயதுப் பிள்ளையொருவன் இருக்கிறான். நாலு வயதில் அடிக்கடி விழுந்தான், நுனிக்காலில் நடந்தான், நிலத்திலிருந்து எழும்பும்போது தொடைகளில் கை ஊன்றி எழும்பினான். பதினொரு வயதில் நடை நின்றுபோனது. டுஷேன் தசைத் தேய்வு என்று வைத்தியர்கள் கண்டறிந்திருந்தார்கள். வாப்பா விட்டுப் போய்விட்டார். உம்மா தைத்துக் கொடுத்துக் குடும்பத்தைப் பார்க்கிறார்.

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று தடவையும் நான் சில்லுக்கதிரையைப் பற்றியும் மலசலகூடத்துக்குச் சரிவுப்பாதை போடுவதைப் பற்றியும்தான் கதைத்தேன். இரவில் எப்படித் தூங்குகிறான் என்று கேட்கத் தோன்றவில்லை. நான்காம் தடவை உம்மாவாகவே சொன்னார்:

"விடியக்காலையில தலையிடிக்குது எண்டு அழுறான் மிஸ். பெனடோல் குடுத்தா கொஞ்சத்தில சரியாகிரும். ராவைக்கு நாலஞ்சு தரம் கூப்பிட்டு, திருப்பிப் படுக்க வை எண்டுறான். பள்ளிக்கூடக் கொப்பியோட அப்படியே தூங்கிப் போறான்."

தூக்கத்தில் மூச்சு குறைகிறது என்பதற்கு இவைதான் அடையாளங்கள். காலைத் தலையிடி, பகல் தூக்கம், கெட்ட கனவு, சாப்பாட்டில் வெறுப்பு. இந்த நோயில் நுரையீரல் பழுதாவதில்லை. அதை இயக்குகிற பிரிமென்தகடும் விலாத் தசைகளும்தான் பலம் இழக்கின்றன. தூங்கும்போது மூச்சு ஆழமில்லாமல் போக, வெளியேற வேண்டிய காபனீரொட்சைட்டு இரத்தத்தில் தேங்குகிறது. பிள்ளைக்கு மூச்சுத் திணறுவதாகவே தெரியாது. தாய்க்கும் தெரியாது.

இதனால்தான் வெறும் ஒட்சிசன் மட்டும் கொடுப்பது இப்பிள்ளைகளுக்கு ஆபத்தாகலாம். விரலில் மாட்டும் கருவியில் எண் நன்றாகத் தெரியும், உள்ளே காபனீரொட்சைட்டு கூடிக்கொண்டே போகும். எந்த வைத்தியசாலையில் சேர்த்தாலும், "இவனுக்குத் தசைத் தேய்வு, காபனீரொட்சைட்டையும் பாருங்கள்" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். பல் பிடுங்க, சுன்னத்துச் செய்ய, எதற்காக மயக்க மருந்து கொடுக்க முற்பட்டாலும் நோயின் பெயரை முதலில் சொல்லிவிட வேண்டும். சில மயக்க மருந்துகள் இவர்களுக்கு உயிராபத்தானவை. நோயின் பெயரை ஒரு துண்டில் எழுதிக் கிளினிக் கொப்பியின் மட்டையில் ஒட்டிவைக்கும்படி அந்த உம்மாவிடம் சொன்னேன். அன்றே ஒட்டிவிட்டார்.

அடுத்தது இருமல். நமக்குத் தடிமன் வந்தால் இருமிச் சளியைத் துப்பிவிடுகிறோம். இந்தப் பிள்ளைக்கு இருமவும் தசை இல்லை. சாதாரணத் தடிமன் நாலே நாளில் நியூமோனியாவாகிவிடும். பிள்ளையை நிமிர்த்தி இருத்தி, அவன் இருமுகிற அதே நேரத்தில் விலாவுக்குக் கீழே இரு கையாலும் உள்ளும் மேலுமாக அமுக்கிக் கொடுத்தால் இருமலுக்குப் பலம் கூடும். இயன்மருத்துவர் ஒருவர் உங்கள் கையைப் பிடித்துக் காட்டித்தந்த பிறகே செய்ய வேண்டும். வயிறு நிறைந்திருக்கும்போது கூடாது. 'அம்பு' என்கிற, கையால் அமுக்கும் பையைக் கொண்டு மூச்சை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நான்கு தடவை நிரப்பி, பிறகு இருமச் செய்யும் முறையும் உண்டு. அதையும் பழக்கித் தருவார்கள். கைப்பை தானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். 1952இல் கொப்பன்ஹேகனில் போலியோ பரவியபோது, நூற்றுக்கணக்கான மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு இரவும் பகலும் பை அமுக்கியே நோயாளிகளைக் காப்பாற்றினார்கள்.

இருமலை அடக்கும் பாணி, தூக்க மருந்து எதையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். விறகடுப்புப் புகை, நுளம்புச் சுருள், சாம்பிராணி பிள்ளையின் அறைக்கு வேண்டாம். தடிமன் காய்ச்சல் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். ஆறு வயதளவிலிருந்தே வருடாவருடம் ஊதிப்பார்க்கும் பரிசோதனை செய்ய வேண்டும். அதிலே மூச்சின் அளவு பாதிக்குக் கீழே இறங்கினாலோ, இரவு அடையாளங்கள் தொடங்கினாலோ, முகத்தில் மாஸ்க் மாட்டி மூச்சுக்கு உதவும் 'பைபாப்' இயந்திரம் தேவைப்படும்.

அந்த மாஸ்க் கடைசி நேரத்துச் சாமான் என்றுதான் உம்மாவும் நினைத்திருந்தார். இங்கிலாந்தில் நியூகாசல் நகரில் இந்நோயாளிகளைக் கணக்கெடுத்து 2002இல் வெளியிட்டார்கள். 1960களில் அவர்கள் சராசரியாகப் 14 வயதில் இறந்தார்கள். 1990க்குப் பின் இரவு மூச்சு இயந்திரம் பெற்றவர்களுக்கு அது 25 ஆனது. இன்று முப்பதைத் தாண்டுகிறவர்களும் உண்டு. நோயை மாற்றாமலே கிடைத்த வயது அது. இயந்திரம் விலை கூடியது, மின்சாரமும் வேண்டும். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள் நாம். பற்றரியையும் சேர்த்தே தேட வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது திண்ணையிலிருந்த உம்மம்மா குறுக்கிட்டார். "எண்ட மூத்த மகனும் இப்படித்தான் மிஸ். தொண்ணூறில அவங்கட வாப்பா வயலுக்குப் போய்த் திரும்பல்ல. அந்த வெருட்சியிலதான் புள்ளைக்குக் கால் போன. பதினாறு வயசில மூச்சடைச்சு மௌத்தாப் போயிட்டான்."

எட்டு வயதில் கால் தளர்ந்து, பத்தில் நடை நின்று, பதினாறில் மூச்சு நின்றிருக்கிறது. அது வெருட்சியாக இருக்க முடியாது. யுத்தம் நம்மிடமிருந்து எத்தனையோ பேரை எடுத்தது; எடுக்காததையும் அதன் கணக்கில் எழுதிவிட்டோம் என்று அப்போது நினைத்தேன்.

இந்நோய் தாய்வழி நிறமூர்த்தத்தில் வருவது. தாய்க்குப் பெரும்பாலும் நோய் இராது; ஆனால் காவியாக இருக்கலாம். காவியான தாயின் ஆண் பிள்ளை ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்குத் தாயிடம் எதுவுமின்றிப் புதிதாகவே வருகிறது. இதில் யாருடைய குற்றமும் இல்லை. சொந்தத்தில் முடித்ததால் வந்ததும் இல்லை. வேறுசில தசை நோய்கள்தான் அப்படி வருபவை. நம் பகுதியில் குடி தாய்வழி வருகிறது, வீடும் பெண்ணுக்கே. ஆகவே அக்கா தங்கச்சிகள் ஒரே வளவில் இருக்கிறார்கள். நோயைத் தேட வேண்டிய இடமும் அந்த வளவுதான்.

பக்கத்து வீட்டில் தங்கச்சி இருக்கிறார். அவருடைய நாலு வயது மகன் அன்று முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தான். கெண்டைக்கால் இரண்டும் தடித்திருந்தன. நானும் அந்த உம்மாவும் ஒரே நேரத்தில் பார்த்தோம்.

"அவள்ட்ட எப்படிச் சொல்றது மிஸ்? நான் எரிச்சலில சொல்றன் எண்டு நினைப்பாளே."

எனக்கும் உடனே பதில் வரவில்லை. கடைசியில் உம்மம்மாதான் எழும்பிப் போனார். தன் மூத்த மகனின் கதையை, முதன்முறையாக வெருட்சியை விட்டுவிட்டு, மகளுக்குச் சொன்னார். தங்கச்சி இரண்டு நாள் யாருடனும் கதைக்கவில்லை என்று அறிந்தேன். மூன்றாம் நாள் எனக்குக் கோல் எடுத்து, "அந்த இரத்தப் பரிசோதனைக்கு என்ன பேர் மிஸ்?" என்று கேட்டார். சீ.பீ.கே. என்று எழுத்து எழுத்தாகச் சொன்னேன். வருகிற செவ்வாய்க்கிழமை கல்முனையில் பிள்ளைகள் கிளினிக்குக்கு இரண்டு பிள்ளைகளையும் ஒரே திரீவீலரில் கூட்டிப் போகிறோம். மூத்தவனுக்கு மட்டக்களப்புக்கோ கொழும்பு சீமாட்டி ரிஜ்வேக்கோ கடிதம் கேட்க வேண்டும்.