ஊர் திரும்பிய ஓவியம்

ஓர் ஓவியம் ஏலத்தில் என்ன விலைக்குப் போயிற்று என்பது இலக்கியப் பக்கத்துக்குரிய செய்திதானா என்று வாசகர் கேட்கக்கூடும். விலை மாத்திரமே செய்தியாயின், நாமும் அதனை வர்த்தகப் பகுதிக்கே விட்டிருப்போம்.

2025 மார்ச் 19ஆம் திகதி நியூயோர்க் நகரில் கிறிஸ்டீஸ் நிறுவனத்தார் நடத்திய ஏலத்தில், எம். எவ். ஹுசைன் 1954இல் தீட்டிய 'கிராம யாத்திரா' 1 கோடியே 37 இலட்சம் டொலருக்கு மேல் விலைப்பட்டது. நவீன இந்திய ஓவியம் எதுவும் அதற்கு முன் ஏலத்தில் இத்துணை பெற்றதில்லை. ஏறத்தாழ 14 அடி அகலமான அத்திரையில் 13 காட்சிகள்: மாவரைக்கும் பெண், பால் கறப்பவள், வண்டியிற் செல்வோர் எனக் கிராமத்தின் அன்றாட வாழ்வு. ஓர் உழவனின் கரம் மட்டும் தன் கட்டத்தைத் தாண்டி நீண்டு, அடுத்த கட்டத்து நிலத்தைத் தாங்கி நிற்கிறது. விடுதலை பெற்று ஏழே ஆண்டுகளான நாட்டைப் பற்றி இதனினும் சுருங்கச் சொல்லிவிட முடியுமா?

நெஞ்சறைச் சத்திரசிகிச்சைப் பயிற்சி நிலையம் அமைப்பதற்காக உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் டில்லி வந்திருந்த வொலொடார்ஸ்கி என்னும் வைத்தியர் அதனை வாங்கி நோர்வேக்குக் கொண்டுசென்றார். 1964இல் அது ஒஸ்லோப் பல்கலைக்கழக வைத்தியசாலையின் உடைமையாயிற்று. பொதுமக்கள் கண்படாத நடைக்கூடம் ஒன்றில் பல்லாண்டுகள் தொங்கிற்று. விற்ற பணம் வைத்தியர்களின் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டது. வாங்கியது புதுடில்லியிலுள்ள கிரண் நாடார் கலைக்கூடம். நோயாளருக்கும் நன்மை, கலைக்கும் நன்மை. படம் ஊர் திரும்பியதில் நமக்கும் மகிழ்ச்சியே.

தீட்டியவரோ திரும்பவில்லை. தெய்வங்களை ஆடையின்றி வரைந்தார் என்று வழக்குகளும் மிரட்டல்களும் பெருகவே, 2006இல் முதியவர் நாட்டைவிட்டு வெளியேறினார். 2008இல் டில்லி உயர் நீதிமன்றம் ஆபாசக் குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தது. அதன் பின்னரும் அவர் அச்சமின்றி நடமாடத்தக்க நாடாக இந்தியா அமையவில்லை. 2010இல் கட்டார் குடியுரிமையை ஏற்றார். அடுத்த ஆண்டு இலண்டனில் 95ஆம் வயதிற் காலமானார். அவர் மறைந்தும் பிணக்கு ஓயவில்லை. அவருடைய வேறிரு ஓவியங்களைக் கைப்பற்றப் பொலிஸாருக்கு டில்லி நீதிமன்றமொன்று அனுமதி வழங்கியது 2025 ஜனவரியில். நியூயோர்க்கில் ஏலமணி ஒலிப்பதற்கு இரண்டே மாதங்களுக்கு முன்.

ஏலத்தில் விலை கூறியோரும் வழக்குத் தொடுத்தோரும் ஒருவரல்லர் என்பதை நாம் அறிவோம். ஆயினும், கலைஞனுக்குக் காவலாய் நில்லாத சமூகம் அவன் கைவண்ணத்தைக் கோடி கொடுத்து மீட்டுக்கொள்வதை முழுமையான மரியாதை என்று கொள்ள நம் மனம் ஒப்பவில்லை. அப்படத்தைக் காட்சிக்கு வைக்கும்போது, அருகே தொங்கும் குறிப்பில் விலையை எழுதவேண்டியதில்லை. அதனை வரைந்தவர் எந்நாட்டுக் குடிமகனாக, எந்நகரில் இறந்தார் என்பதை எழுதுவார்களாக.