குட்டைக்கு முன்னால் குஞ்சு வண்டியைப் பிடியுங்கள்

மதிப்பிற்குரிய திருப்பூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

மூலனூர் வட்டாரத்தில் பண்ணைக்குட்டை வைத்து மீன் வளர்க்கும் விவசாயிகளுக்காக இந்த மடலை எழுதுகிறேன். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கக் கூடாது, வளர்த்தால் மீன்கள் அழிக்கப்படும் என்று தமிழ்நாட்டில் மாவட்ட நிர்வாகங்கள் அவ்வப்போது அறிவிக்கின்றன. அந்தத் தடையைத் தளர்த்துங்கள் என்று நான் கேட்கவில்லை. அது இன்னும் இறுக வேண்டும். ஆனால் இறுக்க வேண்டிய இடம் வேறு.

எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும், சுற்றிக் கிளுவை வேலி. தண்ணீர் உள்ள தோட்டத்தில் முருங்கை, பருத்தி. நல்லதங்காள் ஓடை அணைக்குத் தண்ணீர் வந்தாலே ஊருக்கெல்லாம் பேச்சு. இப்படிப்பட்ட மண்ணில் போர்வெல் தண்ணீரைத் தார்ப்பாய் விரித்த குட்டையில் தேக்கி வைப்பவர், அது பயிருக்குப் போகும் முன் அதிலேயே நாலு காசு பார்க்க நினைப்பது நியாயம்தான். கட்லாவும் ரோகுவும் விட்டுப் பார்க்கிறார். சித்திரையில் தண்ணீர் இறங்கிப் பச்சை கட்டுகிறது. விடியற்காலையில் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு மேல்மட்டத்தில் நிற்கின்றன. வெயில் ஏறுவதற்குள் பாதி செத்து மிதக்கின்றன.

கெளுத்திக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் செவுளுக்கு மேலே மரக்கிளை போலப் பிரிந்த ஓர் உறுப்பு உண்டு. மேலே வந்து ஒரு வாய் காற்றை இழுத்துக்கொண்டு கீழே போய்விடும். முழங்கால் அளவு கலங்கல் தண்ணீரிலும் பிழைக்கும், நெருக்கி விட்டாலும் வளரும். அதிலும் ஆப்பிரிக்க இனம் சில மாதங்களில் ஒரு கிலோவைத் தாண்டும். தீவனச் செலவும் பெரிதாக இல்லை. பல்லடம் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. கறிக்கோழிக்குப் பேர்போன ஊர். கடைக்குக் கடை குடலும் தோலும் மிஞ்சுகின்றன. அவற்றை எங்கே கொட்டுவது என்று தெரியாத கடைக்காரரும், தீவனம் வாங்கக் காசில்லாத குட்டைக்காரரும் சந்தித்துக்கொள்கிறார்கள். அப்புறம் அந்தக் குட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள். ஈயும் தெருநாயும் நாற்றமுமாக இருக்கும். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்கும் அதுவே கேடு.

இந்த ஆப்பிரிக்க இனத்தை ஒன்றிய அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் இருப்பை அழிக்கச் சொன்னது. காரணம் வலுவானது. மற்ற மீனையும் தவளையையும் முட்டையையும் கண்டதையும் விழுங்கும். அடைமழை இரவில் குட்டை வழிந்தால் ஈரத்தரையிலேயே நகர்ந்து அடுத்த நீர்நிலைக்குப் போய்விடும். ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயத்துக்குள் இது புகுந்து, வனத்துறை ஆயிரக்கணக்கில் பிடித்து அகற்ற வேண்டியதாயிற்று. நம் மாவட்டத்து நஞ்சராயன் குளம் 2024இல்தான் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியிருக்கிறது. அங்கே ஒரு ஜோடி போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

வெளியூர் மீன் ஒருமுறை ஆற்றில் இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். ஜிலேபி மீன் 1952இல் இந்தியாவுக்கு வந்தது. அமராவதி அணையில் அது எப்படிப் பெருகி நிலைத்துவிட்டது என்பது மீன்வளத்துறைக்கே நன்றாகத் தெரியும். எங்கள் ஓடைத் தண்ணீர் சேர்வது அதே அமராவதி ஆற்றில். அது கரூரைத் தாண்டித் திருமுக்கூடலூரில் காவிரியில் கலக்கிறது. மூலனூரில் தப்பிக்கும் மீனுக்குக் காவிரி வரை வழி திறந்திருக்கிறது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். இந்த மீன் எங்கள் குட்டைக்குத் தானாக வந்து சேர்வதில்லை. ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பையில், வண்டியில் வருகிறது. "நாட்டுக் கெளுத்திதாங்க" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பையை அவிழ்த்துக் கவிழ்த்தால் விரல் நீளக் கறுப்புக் குஞ்சுகள் மீசையை ஆட்டிக்கொண்டு நேரே அடிமண்ணுக்குப் போய்விடுகின்றன. இரண்டு இனத்துக்கும் மீசை நான்கு ஜோடிதான். தலையின் பின்பக்க எலும்பு நாட்டு இனத்தில் கூர்மையாக முடியும், ஆப்பிரிக்க இனத்தில் அப்படி முடியாது. விரல் நீளக் குஞ்சில் இதை எந்த விவசாயி தடவிப் பார்த்துக் கண்டுபிடிப்பார்? தெரிந்தே வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் பரிந்து பேசவில்லை. ஆனால் அழிக்கும் நாளில் குழிக்குள் போவது வளர்த்தவரின் முதல். குஞ்சு விற்றவர் அடுத்த ஊரில் அடுத்த பையை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே ஐயா, சோதனையைக் குஞ்சு வண்டியில் தொடங்குங்கள். மீன்குஞ்சு விற்பவர் எவராயினும் எந்தப் பண்ணைக் குஞ்சு, என்ன இனம் என்று எழுதிய ரசீது கொடுத்தே ஆக வேண்டும் என்று ஆக்குங்கள். ரசீதில்லாத வண்டியைத் தாராபுரம் சாலையிலேயே நிறுத்துங்கள். இறைச்சிக் கடைகளின் கழிவு எங்கே போகிறது என்று உள்ளாட்சி அமைப்புகள் கடைவாரியாகக் கணக்குக் கேட்கட்டும். கழிவு வரத்து நின்றால் இந்த மீனை வளர்ப்பதில் லாபமும் நின்றுவிடும்.

இன்னொன்றும் வேண்டும். 2020இல் வந்த பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் உண்டு. குட்டை வெட்டப் பணம் கிடைக்கிறது, அதில் விட நம்பிக்கையான குஞ்சு பக்கத்தில் கிடைப்பதில்லை. நாட்டுக் கெளுத்தியும் தேளியும் விராலும் காற்றைச் சுவாசிக்கும் மீன்களே. எங்கள் தண்ணீருக்கு அவை பொருந்தும், விலையும் நன்றாகக் கிடைக்கும். நாட்டுக் கெளுத்தியை பீகார் தன் மாநில மீனாகவே வைத்திருக்கிறது. புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் அதன் குஞ்சு உற்பத்தி முறையை எப்போதோ உருவாக்கிவிட்டது. அமராவதி நகரில் அரசு மீன் விதைப்பண்ணை இருக்கிறது. அங்கே இந்த மூன்று இனத்துக் குஞ்சுகளையும் உற்பத்தி செய்து, மூலனூர் ஒன்றிய அலுவலகத்திலேயே மாதம் ஒரு நாள் விற்க ஏற்பாடு செய்யுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்து ஆப்பிரிக்க இனத்தை விட்டவர்களுக்கு ஒரு காலக்கெடு கொடுங்கள். தாமாக முன்வந்து சொல்பவர்களின் குட்டையைத் துறையே வந்து சுத்தம் செய்து, மாற்றுக் குஞ்சு கொடுத்தால் மறைக்க யாருக்கும் காரணம் இருக்காது. ஐப்பசி மழை பிடித்துக் குட்டைகள் வழியும் முன் இதைச் செய்து முடிக்கும்படி தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூலனூர் வாசி ஒருவர்