மல்டிமீட்டர் வாங்குவோர் கவனத்திற்கு

மல்டிமீட்டர் பள்ளி ஆய்வகத்திலும் களப் பணியாளரின் பையிலும் இன்றியமையாத கருவியாகிவிட்டது. எனினும், அதனை வாங்கும் முறை இன்னும் திருந்தியபாடில்லை. விலை குறைந்தது எது, திரையில் இலக்கங்கள் மிகுந்தது எது என்னும் இரு வினாக்களோடு தேர்வு முடிந்துவிடுகிறது.

இலக்கங்களின் மிகுதி துல்லியம் ஆகாது. அரை விழுக்காடும் கடைசி இலக்கத்தில் இரண்டும் பிழை உண்டு என உற்பத்தியாளரே குறித்துள்ள கருவி, 20 வோல்ட் வீச்சில் 5.00 எனக் காட்டுமாயின், உண்மை அளவு ஏறத்தாழ 4.95-க்கும் 5.05-க்கும் இடையில் எங்கேனும் இருக்கலாம். அக்கடைசி இலக்கத்தை நம்பி ஓம் விதியைச் சரிபார்க்கப் புகும் மாணவன் விதியின்மீது ஐயங்கொள்வானேயன்றிக் கருவியின்மீது கொள்ளான்.

கருவியின் உள்தடையும் கவனிக்கத்தக்கது. 1 மெகாஓம் தடைகள் இரண்டைத் தொடராக இணைத்து 12 வோல்ட் நேர்மின்னழுத்தம் கொடுத்தால், ஒவ்வொரு தடையிலும் 6 வோல்ட் இருத்தல் வேண்டும். வோல்ட்டுக்கு 20,000 ஓம் உள்ள முள் அளவியை 10 வோல்ட் வீச்சில் வைத்து ஒரு தடையின் குறுக்கே இணைத்தால், அது சுமார் 1.7 வோல்ட்டே காட்டும். 10 மெகாஓம் உள்தடையுள்ள எண் அளவி 5.7 காட்டும். இரண்டும் பழுதற்றவையே. அளக்க வந்த கருவி சுற்றின் ஓர் உறுப்பாகிவிட்டதால் விளைந்த வேறுபாடு இது. வகுப்பில் செய்து காட்ட இதனினும் நல்ல சோதனை கிடைப்பது அரிது.

களப் பணியாளருக்கோ கருவித் தேர்வு உயிரைப் பற்றியது. கட்டடத்தின் மின்பகிர்வுப் பலகையில் கைவைப்போர், ஐ.இ.சி. 61010 தரத்தின்படி கேட்-3, 600 வோல்ட் குறிப்புடைய கருவியையேனும் கொள்ளல் வேண்டும். மின்னோட்ட அளவீட்டுத் துளையில் கம்பியை மறந்துவிட்டு மின்னழுத்தம் பார்க்க முற்பட்டால் குறுக்குச்சுற்று நேரும். அப்போது மலிவான கண்ணாடி உருகி வெடிக்கக்கூடும். மணல் நிரப்பிய பீங்கான் உருகியே பாதுகாப்பானது. உறையில் அச்சிட்ட குறிப்பை மட்டும் நம்பாமல் சோதனைச் சான்றினைக் கேட்டு வாங்குதல் நன்று. இன்வெர்ட்டர் போன்றவற்றின் மாறுமின்னோட்டத்தை அளப்போருக்கு மெய் ஆர்.எம்.எஸ். வசதியும் தேவை.

பத்துக் கருவிகளையும் ஒரே மலிவில் வாங்காது, ஒன்றினை மட்டும் உயர்தரமாக வாங்கி ஒப்பீட்டுக்கென ஒதுக்குவதே சிக்கனம். இந்தியாவின் மின்னழுத்தத் தரத்தைப் பேணும், 1950-இல் திறக்கப்பட்ட புது தில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அளவைகளோடு தொடர்புடைய அளவுத்திருத்தச் சான்றினை அவ்வொன்றிற்கு ஆண்டுதோறும் பெறலாம். ஏனைய ஒன்பதையும் பருவந்தோறும் அதனோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை இருப்புப் பதிவேட்டிலேயே எழுதிவரலாம்.