மேரு மலையை மட்டையாக்கினால்

கிரிக்கெட் சட்டப் புத்தகத்தில் ஐந்தாவது விதி மட்டைக்கானது. நீளம் 38 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அகலம் நாலேகால் அங்குலம். முதுகு மேட்டையும் சேர்த்து மொத்தக் கனம் 67 மில்லிமீட்டர். விளிம்பு 40 மில்லிமீட்டர். அடிக்கும் பலகை மரத்தால் ஆனதாக இருக்க வேண்டும். இத்தனையையும் கறாராகச் சொன்னவர்கள் எடையைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. முடிந்தால் உலக்கையைத் தூக்கிக்கொண்டு வா என்று விட்டுவிட்டார்கள். இந்தத் தாராளத்துக்குக் காரணம் இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

ஒரு பேச்சுக்கு இந்த ஐந்தாவது விதியை மட்டும் கிழித்துப் போட்டுவிடுவோம். பந்து, ஸ்டம்பு, எல்.பி.டபிள்யூ. எல்லாம் இருந்தபடி இருக்கட்டும். எந்தப் பொருளிலும் எந்த வடிவத்திலும் மட்டை செய்து கொண்டுவரலாம். நீங்கள் என்ன செய்வீர்கள்?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அகலம். இது 1771லேயே ஒருவருக்குத் தோன்றிவிட்டது. இங்கிலாந்தில் செர்ட்ஸி அணிக்காக ஆட வந்த தாமஸ் ஒயிட், ஸ்டம்பையே மறைக்கிற அகலத்தில் ஒரு பலகையைக் கொண்டுவந்து நின்றார். எதிரணியான ஹாம்பிள்டன் ஆட்கள் கொதித்துப்போய், மட்டையின் அகலம் நாலேகால் அங்குலம்தான் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். 1774 சட்டத்தில் அது ஏறியது. இரண்டரை நூற்றாண்டாகியும் அந்த அளவில் ஒரு நூல் இழைகூட மாறவில்லை. சொல்ல மறந்துவிட்டேன், அந்த ஆட்டத்தில் ஒயிட்டின் கட்சி ஒரே ஒரு ரன்னில் தோற்றது.

அகலம் என்பது கேடயம். ஸ்டம்புகளின் அகலம் மொத்தம் 9 அங்குலம். அதே அகலத்தில் ஒரு கதவை நட்டு அதன் பின்னால் நின்றுகொண்டால், ஐந்து நாள் அவுட் ஆகாமல் காலம் தள்ளலாம். பார்க்கத்தான் ஆள் இருக்காது. நமக்கு வேண்டியது பந்தைக் கூட்டத்தின் நடுவே கொண்டுபோய்ப் போடுகிற மட்டை.

அப்படியானால் எடையைக் கூட்டலாமே? இங்கே கொஞ்சம் கணக்கு. பந்தின் எடை சுமார் 160 கிராம். மட்டை 1.2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பந்து வருகிற வேகத்தை விட்டுவிட்டு, மட்டையை ஒரு வெறும் கட்டையாக எண்ணித் தோராயமாகப் போட்டுப் பார்த்தால், மட்டையின் எடையை இரண்டு மடங்காக்கினால் பந்தின் வேகம் கூடுவது ஏறக்குறைய ஆறு சதவீதம்தான். அதுவும் 2.4 கிலோவை முன்போலவே அதே வேகத்தில் சுழற்ற முடிந்தால். சுழற்றும் வேகம் ஆறு சதவீதம் குறைந்தாலே லாபம் முழுவதும் போயிற்று. சிவபெருமான் மேருவை வில்லாக வளைத்தார். நீங்கள் அதே மேருவை மட்டையாக்கி வீசினாலும், இந்தக் கணக்குப்படி பந்தின் வேகம் கூடுவது 13 சதவீதம். சட்டம் எடையைப் பற்றிக் கவலைப்படாததற்குக் காரணம் இதுதான். அந்த வேலையை இயற்கையே பார்த்துக்கொள்கிறது. பிராட்மன் இரண்டு பவுண்டைச் சற்றுத் தாண்டிய மட்டையில் ஆடினார். டெண்டுல்கர் மூன்று பவுண்டுக்கு மேற்பட்டதில். இரண்டு பேருக்குமே ரன் வந்தது.

பிறகு லாபம் எங்கே ஒளிந்திருக்கிறது? பந்தில். ஒரு கிரிக்கெட் பந்தைத் தலை உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் போட்டுப் பாருங்கள். இடுப்பு வரைகூட எழாது. மோதும்போது பந்து நசுங்குகிறது. நசுங்கிய கார்க்கும் நூலும் பாதிக்கு மேற்பட்ட சக்தியை வெப்பமாக விழுங்கிவிடுகின்றன. இந்த நஷ்டத்தைத் தடுக்க வேண்டுமானால் பந்து நசுங்கக் கூடாது. அதற்குப் பதிலாக மட்டை நசுங்கிக் கொடுக்க வேண்டும். மெல்லிய உலோகச் சுவர், உள்ளே வெற்றிடம். பந்து பட்டதும் சுவர் உள்வாங்கி, வாங்கிய சக்தியை ஏறக்குறைய அப்படியே திருப்பித் தந்துவிடும். சர்க்கஸில் கோமாளி குதிக்கிற வலை மாதிரி. அமெரிக்காவில் பேஸ்பால் விளையாடுகிறவர்கள் இதை எப்போதோ தெரிந்துகொண்டார்கள். உள்ளீடற்ற அலுமினிய மட்டைகளைக் கல்லூரி மாணவர்கள் சுழற்றியபோது பந்து மர மட்டையில் பார்க்காத தூரம் பறந்தது.

இந்த இடத்தில் டென்னிஸ் லில்லியை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. 1979 டிசம்பர், பெர்த் டெஸ்ட். இங்கிலாந்துக்கு எதிராக லில்லி அலுமினிய மட்டையோடு இறங்கினார். போத்தம் பந்தை நேராக அடித்தார், மூன்று ரன். பந்து கெட்டுப்போகிறது என்று இங்கிலாந்து கேப்டன் பிரியர்லி அம்பயரிடம் முறையிட்டார். வேடிக்கை என்னவென்றால், ஆஸ்திரேலியக் கேப்டன் கிரெக் சாப்பலுக்கும் அந்த மட்டை பிடிக்கவில்லை. மரமாக இருந்தால் அது பவுண்டரி போயிருக்கும் என்பது அவர் வருத்தம். லில்லி அடம்பிடித்து, ஆட்டம் நின்று, கடைசியில் அலுமினியத்தைத் தூக்கி எறிந்துவிட்டு மர மட்டையை வாங்கிக்கொண்டார். 1980 சட்டத்தில் பலகை மரமாக இருக்க வேண்டும் என்ற வாசகம் வந்து உட்கார்ந்தது. உலோகம் என்பதற்காகவே ஒரு மட்டை பெரிய மட்டை ஆகிவிடாது. உள்ளே எப்படிச் செய்கிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம். லில்லியின் மட்டை உலகை மிரட்ட வந்ததல்ல என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பள்ளிக்கூடங்களுக்கு மலிவான மாற்றாக விற்க அவருடைய நண்பர் செய்தது அது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அதிர்வு. பந்து மட்டையில் தங்குகிற நேரம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். நடுவில் பட்டால் கையில் ஒன்றுமே தெரியாது. நுனியிலோ மேலேயோ பட்டால் மட்டை துடிக்கிறது, உள்ளங்கை எரிகிறது, பந்துக்குப் போக வேண்டிய சக்தி அந்தத் துடிப்பில் வீணாகிறது. மட்டை எவ்வளவு விறைப்போ அவ்வளவுக்குத் துடிப்பு குறைவு. விறைப்புக்குக் கார்பன் இழையை மிஞ்ச எதுவும் இல்லை. ரிக்கி பாண்டிங் மட்டையின் முதுகில் கிராஃபைட் பட்டை ஒன்று ஒட்டியிருந்தது, 2006ல் எம்.சி.சி. ஆட்சேபித்ததும் கழற்றப்பட்டது. பலகையில் முடியாததைக் கைப்பிடியில் நுழைக்கப் பார்த்தார்கள். 2008ல் அந்த வாசலையும் பெரும்பாலும் அடைத்துவிட்டார்கள்.

பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால் மட்டை கைக்குள் திரும்பிக்கொள்கிறது. இதற்கு மருந்து, எடையை நடுவிலிருந்து எடுத்து ஓரங்களுக்குக் கொடுப்பது. 1974ல் முதுகைக் குடைந்தெடுத்த ‘ஸ்கூப்’ மட்டைகள் இந்தத் தத்துவத்தில் வந்தவை. பிறகு வந்தவர்கள் இன்னும் சாமர்த்தியசாலிகள். வில்லோ மரத்தை நன்றாக உலர்த்தி ஈரத்தை இறக்கினார்கள். எடை குறைந்தது. குறைந்த எடைக்கு ஈடாகக் கனத்தை ஏற்றினார்கள். மட்டை பருத்தது, பாரம் கூடவில்லை. விளிம்பில் பட்ட பந்து, பழைய நாளில் ஸ்லிப்பில் கேட்ச் ஆகியிருக்க வேண்டியது, சிக்ஸராகப் பறந்தது. 2017 அக்டோபரில் 40, 67 என்ற எண்கள் வந்தது இதற்காகத்தான். 2025 ஐ.பி.எல்.லில் அம்பயர்கள் மைதானத்துக்குள்ளேயே ஓர் அளவுச் சட்டத்தில் மட்டையை நுழைத்துப் பார்த்ததை நீங்களும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். ரேஷன் கடையில் எடைக் கல்லைச் சோதிக்கிற மாதிரி.

வடிவத்தையும் தொட்டுவிடலாம். 2010 ஐ.பி.எல்.லில் சென்னை அணிக்கு ஆடிய மாத்யூ ஹேடன் குட்டைப் பலகையும் நெட்டைப் பிடியும் கொண்ட ‘மங்கூஸ்’ மட்டையை எடுத்துவந்தார். விதிக்கு உட்பட்டதுதான். தில்லி கோட்லா மைதானத்தில் 43 பந்தில் 93 ரன். அப்படியும் அந்த மட்டை நிலைக்கவில்லை. ஓங்கி அடிக்கத் தோதான மட்டையில் தடுத்து ஆட இடமில்லை. மட்டை பாதி கோடாரி, பாதி கேடயம். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். விதியே இல்லை என்றால் இதற்கும் வழி இருக்கிறது. கோல்ஃப்காரர்களைப் போல ஒரு பையன் பின்னாலேயே பை நிறைய மட்டைகளைச் சுமந்து வரலாம். ‘யார்க்கர் வரும் போலிருக்கிறது, அந்த ஏழாம் நம்பரை எடு.’

அட, அடிக்கத்தான் வேண்டுமா? ஸ்பெயினின் பாஸ்க் மக்கள் விளையாடும் ஹை அலை ஆட்டத்தில் கையில் ஒரு வளைந்த பிரம்புக் கூடையைக் கட்டிக்கொள்கிறார்கள். வருகிற பந்து கூடைக்குள் வழுக்கி ஓடி, அதே வீச்சில் வெளியே பாய்கிறது. மணிக்கு 300 கிலோமீட்டர் வரை பதிவாகியிருக்கிறது. விதியில்லாத மட்டையை நியாயமாக யோசித்துக்கொண்டே போனால் கடைசியில் இந்தக் கூடையில்தான் போய் நிற்போம். அது மட்டையா என்று கேட்காதீர்கள். விதியைக் கிழித்தது நாம்தான்.

கூடையை விட்டுவிட்டு, மட்டை என்று சொல்லத் தக்க ஒன்றை நான் செய்தால் இப்படி இருக்கும். கார்பன் இழையில் உள்ளீடற்ற ஓடு. முகத்தில் உள்வாங்கித் திருப்பித் தரும் மெல்லிய தகடு. எடை முழுவதும் இரு விளிம்புகளில். அகலம் ஆறு அங்குலம். மொத்த எடை ஒரு கிலோவுக்குள், அப்போதுதான் சாட்டை போலச் சுழலும். எங்கே பட்டாலும் நடுவில் பட்ட மாதிரி. இதில் எதற்கும் புதிய விஞ்ஞானம் தேவையில்லை. கோல்ஃப் கடையிலும் பேஸ்பால் கடையிலும் இருக்கிற சரக்குதான்.

எதிர்முனையில் நிற்கிற பந்து வீச்சாளரை இப்போது பாருங்கள். வீசி முடித்து, குனிந்து, நிலை தடுமாறி நிமிரும்போது அவருக்கும் மட்டைக்கும் இடையே 17 மீட்டர் இருந்தால் அதிகம். மணிக்கு 160 கிலோமீட்டரில் திரும்பிவரும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க அரை விநாடிகூட ஆகாது. ஹெல்மெட் பேட்ஸ்மனுக்கு இருக்கிறது, இவருக்கு இல்லை. 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஷார்ட் லெக்கில் ஹெல்மெட் இல்லாமல் நின்ற ராமன் லம்பாவின் தலையில் பந்து பட்டது. மூன்று நாளில் இறந்துபோனார். அந்தப் பந்தை அடித்தது சாதாரண மர மட்டை. அமெரிக்கக் கல்லூரிகளில் அலுமினிய மட்டையைப் பற்றிய கவலையும் எறிபவரின் முகத்தைப் பற்றியதாகவும் இருந்தது. ஆனால் அவர்கள் அலுமினியத்தைத் தடை செய்யவில்லை. பந்தை மட்டையின் மேல் செலுத்தி, எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்று அளந்து, மர மட்டையைத் தாண்டாதபடி 2011ல் ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். எதில் வேண்டுமானாலும் செய்துகொள், இந்த எண்ணைத் தாண்டாதே.

கிரிக்கெட் செய்தது வேறு. வேகத்தை அளக்கவில்லை, ஜாதியைக் கேட்டது. நீ மரமா என்றது. 2021ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் மூங்கில் பட்டைகளை அழுத்தி ஒட்டி ஒரு மட்டை செய்தார்கள். வில்லோவைவிட விறைப்பு, உறுதி, எடைதான் அதிகம். மலிவாகச் செய்யலாம் என்பது அவர்கள் சொன்ன முக்கியமான காரணம். மூங்கில் என்பது புல், மரம் அல்ல, எனவே விதிப்படி செல்லாது என்றது எம்.சி.சி.; ஒட்டுப் பலகை என்பது இன்னொரு குற்றம். இந்தப் புல் விவகாரத்தில் தொல்காப்பியர் லண்டன் கட்சி. வெளிப்புறம் வைரம் பாய்ந்தது புல், உட்புறம் வைரம் பாய்ந்தது மரம் என்று மரபியலில் பிரித்துவைத்திருக்கிறார். தாவரவியல்படி இரண்டு தீர்ப்பும் சரி. கிரிக்கெட் மட்டைக்கும் அந்தப் பாகுபாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

வில்லோவுக்குள் ஒளிந்துகொண்டு வந்த பெருத்த மட்டைகள் 2017 வரை தாராளமாக உலவின. லில்லியின் அலுமினியமும் கேம்பிரிட்ஜ் மூங்கிலும் வாசலிலேயே நிறுத்தப்பட்டன. இரண்டுமே மலிவு மட்டைகள். வல்லவனைத் தடுக்க எழுதிய சட்டத்தில் ஏழைதான் அடிக்கடி சிக்குகிறான். இது மட்டைக்கு மட்டும் உரிய அதிசயம் அல்ல.

நல்ல இங்கிலீஷ் வில்லோ மட்டை நம் ஊர்க் கடைகளில் முப்பது, நாற்பதாயிரம் ரூபாய்க்குப் போகிறது. மரம் மட்டையாகும் பருவத்துக்கு வளரப் பதினைந்து, இருபது வருடம் பிடிக்கிறது. காஷ்மீரில் ஸ்ரீநகர்–ஜம்மு சாலையில் சங்கம், ஹல்முல்லா பக்கம் போனால் இரு மருங்கிலும் உலரும் வில்லோக் கட்டைகள் கோபுரம் கோபுரமாக அடுக்கியிருக்கும். நடுவதைவிட வெட்டுவது வேகமாக நடக்கிறது என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களே பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். மூங்கிலோ நட்ட சில ஆண்டுகளில் வெட்டலாம். வெட்டிய இடத்தில் மறுபடி முளைக்கும்.

என் யோசனை இதுதான். அகலமும் நீளமும் கனமும் இருக்கட்டும். 1771ல் கொதித்தவர்களின் கோபம் நியாயமானது. மரம் என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் எண்ணை எழுதுங்கள். நல்ல வில்லோ மட்டையிலிருந்து பந்து எவ்வளவு வேகத்தில் திரும்புமோ அந்த எண். நான் மேலே செய்த கார்பன் ஓடு அந்தச் சோதனையில் தோற்று வீட்டுக்குப் போய்விடும், போகட்டும். மூங்கில் தேறினால் உள்ளே வரட்டும். இதற்குப் புதிதாக இயந்திரம் ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் இருப்பதையே கொண்டுவந்து, பேஸ்பாலுக்குப் பதிலாகக் கிரிக்கெட் பந்தைப் போட்டுச் சுட்டுப் பார்க்கலாம்.