கணக்கு கடல் தாண்டும், காவல் தாண்டாதாம்

கொழும்பில் இருந்துகொண்டு அமெரிக்கக் கம்பனிகளின் கணக்கு வழக்கைப் பார்க்கிற எங்கட வயதுக்காரர் எத்தனை பேர் எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. உயர்தரத்தில் வர்த்தகம் படிச்சு, சீமா, ஏசிசிஏ எண்டு சோதனை எழுதி முடிச்சு, நியூயோர்க் நேரத்துக்கு இரவு முழுக்க முழிச்சிருந்து வேலை செய்யிற ஆக்கள். அந்தக் கணக்கில் பொய் இருப்பதை அவர்களில் ஒருவர் கண்டுபிடித்தால், அதை வாய் திறந்து சொன்னதற்காக வேலையும் போனால், எந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது? அமெரிக்க நீதிமன்றங்கள் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டன. அந்தப் பதில் அநியாயமானது என்றே நாங்கள் சொல்கிறோம்.

கதை என்ரோனில் தொடங்குகிறது. 2001 ஆகஸ்ட்டில் அந்தக் கம்பனியின் உப தலைவர்களில் ஒருவரான ஷெரன் வொட்கின்ஸ், கணக்கு மோசடி கம்பனியையே கவிழ்க்கப்போகிறது என்று தலைவர் கென்னத் லேக்கு எழுதினார். சில நாட்களிலேயே கம்பனியின் வெளிச் சட்டத்தரணிகள் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்கள். மோசடி உண்மையா என்பதைப் பற்றியதல்ல அது. அவரை வேலையால் நிப்பாட்டினால் என்ன வரும் என்பதைப் பற்றியது. டெக்சஸ் சட்டத்தில் இப்படியானவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்றும் அதில் குறித்திருந்தார்கள். டிசம்பரில் என்ரோன் வங்குரோத்தானது.

அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் 2002ஆம் ஆண்டின் சார்பேன்ஸ்-ஒக்ஸ்லி சட்டம். முதலீட்டாளரை ஏமாற்றும் மோசடி நடக்கிறது என்று நியாயமாக நம்பி முறையிடும் ஊழியரை நீக்கவோ, பதவி இறக்கவோ, மிரட்டவோ கூடாது என்கிறது அதன் 806ஆம் பிரிவு. மீறி நீக்கினால் வேலையையும் சம்பளப் பாக்கியையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். 2014இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒருபடி போனது. பிடலிட்டி நிதியங்களை நிர்வகித்த தனியார் கம்பனியின் ஊழியர் இருவர் தொடுத்த வழக்கில், பங்குச்சந்தைக் கம்பனிக்கு ஒப்பந்தத்தில் வேலை செய்து கொடுக்கும் நிறுவனத்தின் ஊழியருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. வேலையை வெளியில் குடுத்திட்டம் எண்டு சாட்டுச் சொல்லித் தப்ப ஏலாது.

நல்ல தீர்ப்புத்தான். ஆனால் அந்த "வெளி" அமெரிக்காவுக்குள்ளே இருக்க வேண்டும்.

பொஸ்டன் சயன்டிபிக் கம்பனியின் இலத்தீன் அமெரிக்கக் கிளைக் கம்பனிகளில் வேலை செய்த ஆர்ஜென்டீனாக்காரர் ஒருவர், அங்கே விற்பனைக் கணக்கை ஊதிப் பெருப்பித்துக் காட்டுகிறார்கள் என்று முறையிட்டார். வேலை போனது. 2006இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பதில்: 806ஆம் பிரிவு நாட்டு எல்லைக்கு வெளியே செல்லாது. 2014 ஆகஸ்ட்டில் சீமென்ஸின் சீனக் கிளையில் ஒழுங்குமுறை அதிகாரியாக இருந்த தாய்வான்காரர் ஒருவருக்கும், 2010ஆம் ஆண்டின் டொட்-பிராங்க் சட்டத்தின் கீழ் அதே பதில்தான் கிடைத்தது.

எல்லை என்றால் எல்லாவற்றுக்கும் எல்லை இருக்க வேண்டும் அல்லவா? இதே சீமென்ஸ், பல நாடுகளில் கொடுத்த லஞ்சத்துக்காக 2008இல் அமெரிக்க அரசுக்கு 800 மில்லியன் டொலர் கட்டியது. தண்டப்பணம் வாங்கும்போது கடல் தடையாக இருக்கவில்லை. அது மட்டுமில்லை. தாய்வான்காரரின் வழக்குத் தோற்ற அடுத்த மாதமே, வெளிநாட்டில் வாழும் ஒருவர் தந்த தகவலுக்காக அமெரிக்கப் பிணையங்கள், பரிவர்த்தனை ஆணைக்குழு 30 மில்லியன் டொலருக்கு மேல் வெகுமதி அறிவித்தது. தகவல் வேண்டும், அதற்குக் காசும் தருவார்களாம். சொன்னவரின் வேலையைக் காப்பாற்ற மட்டும் சட்டம் எட்டாதாம்.

அமெரிக்காவுக்குள்ளே பாலும் தேனும் ஓடுது எண்டு நாங்கள் சொல்லவில்லை. யூபிஎஸ்ஸில் ஆய்வாளராக இருந்த ட்ரெவர் மரே, வியாபாரப் பிரிவுக்குச் சாதகமாக அறிக்கையை வளைக்கச் சொல்லி நெருக்குகிறார்கள் என்று மேலதிகாரியிடம் முறையிட்டார். 2012 பெப்ரவரியில் வேலை போனது. 2017இல் ஜூரி அவர் பக்கம் நின்றது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. நீக்கியவரின் மனதில் வஞ்சம் இருந்தது என்று ஊழியர் நிரூபிக்கத் தேவையில்லை, முறைப்பாடு ஒரு காரணியாக இருந்தது என்று காட்டினால் போதும் என உச்ச நீதிமன்றம் 2024இல் ஏகமனதாகச் சொன்னது. 2025இல் அதே மேன்முறையீட்டு நீதிமன்றம் வேறொரு காரணம் சொல்லி ஜூரியின் முடிவை மறுபடியும் கலைத்தது. பதின்மூன்று வருசம்! உள்ளூர்க்காரருக்கே இந்தப் பாடு. வெளியில் இருப்பவருக்கு வழக்கின் வாசலே திறப்பதில்லை.

வேலையில் கோபம் கொண்டவர்கள் பொய்யாக முறையிடுவார்கள், ஆகவே பாதுகாப்பை விரிக்கக் கூடாது என்று கம்பனிகள் வாதாடும். சட்டம் கேட்பதே நியாயமான நம்பிக்கையைத்தானே. அது இல்லாதவர் வழக்கில் தோற்பார். இன்னொரு தடை எங்களிடமே இருக்கிறது. இப்படிப்பட்ட ஒருவருக்கு எங்கட தமிழில் முதலில் வாயில் வருகிற சொல் "காட்டிக்கொடுத்தவர்". இந்த மண்ணில் அந்தச் சொல் எவ்வளவு பாரம் என்று விளக்கத் தேவையில்லை. கம்பனிகளுக்கு அது இலவசமாகக் கிடைத்த வாய்ப்பூட்டு. ஓய்வூதியக் காசை நம்பிப் போட்டவரைக் களவுக்குக் கொடுக்காமல் இருக்கச் சொல்பவர் யாரை, யாரிடம் காட்டிக்கொடுக்கிறார்?

இலங்கையில் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தகவல் தருபவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. அதன் கண் இருப்பது லஞ்சத்திலும் ஊழலிலும். எந்த நாட்டு முதலீட்டாளருக்குக் காட்டப்பட்டாலும், பொய்க் கணக்கைச் சொல்லுகிற ஊழியரை இங்கே வேலையால் நிப்பாட்ட முடியாது என்று எங்கள் சட்டத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும். சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 806ஆம் பிரிவு தருகிற அதே உரிமையை இங்குள்ள ஊழியருக்கும் தரும் ஒரு வாசகத்தை, வேலையை இங்கே அனுப்பும் கம்பனி ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். தரவுப் பாதுகாப்புக்கும் இரகசியம் காப்பதற்கும் பக்கம் பக்கமாக எழுதிக் கையெழுத்து வாங்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு பந்தி வேலை. அடுத்த நேர்முகத்தில் மனிதவள அதிகாரி "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கா?" எண்டு கேட்டால், அந்தப் பந்தி எங்கே என்று கேளுங்கோ.