பழைய அரிசியும் பழைய ஒயினும்

முதல்லயே டிஸ்கியைப் போட்டுடறேன். குடி குடியைக் கெடுக்கும். குடிக்காதவங்க இதைப் படிச்சிட்டு ஆரம்பிக்க வேண்டாம். குடிக்கிறவங்க இதைச் சாக்கா வெச்சு இன்னொரு பாட்டில் திறக்க வேண்டாம். நம்ம ஊர்ல 'ஒயின் ஷாப்'னு பேர் வெச்சு ஒயினைத் தவிர எல்லாத்தையும் வித்துப் பழக்கினதால, இந்த வார்த்தையைக் கேட்டாலே நமக்கு வேற ஞாபகம்தான் வரும். ஆனா நான் பேசப்போறது போதையைப் பத்தி இல்லை. காத்திருக்கிறதுக்கு யார் காசு கொடுக்கிறாங்கங்கிறதைப் பத்தி.

ஆணி பிடுங்க மாட்ரிட் வந்து மூணு வருஷம் ஆச்சு. வந்த புதுசுல டீம் லீட் வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டார். வெறுங்கையோட போகக்கூடாதேன்னு 35 யூரோ கொடுத்து ஒரு போர்டோ ஒயின் வாங்கிட்டுப் போனேன். பேர் பெரிய பேர், லேபிள்ல கோட்டை படம் எல்லாம் இருந்துச்சு. அறுவடையாகி ரெண்டரை வருஷம்தான் ஆகியிருந்தது. அதெல்லாம் பார்க்க எனக்கு யார் சொல்லிக் கொடுத்தா? ஊத்தி ஒரு வாய் குடிச்சதும் எல்லார் முகமும் கொட்டைப்பாக்கைக் கடிச்ச மாதிரி ஆயிடுச்சு. அவர் சிரிச்சுட்டு, "நல்ல ஒயின்தான், பத்து வருஷம் முன்னாடியே திறந்துட்டோம்"னார். என்ன கொடுமை சார் இது!

அந்தத் துவர்ப்புக்குக் காரணம் டானின். திராட்சைத் தோல்லயும் விதையிலயும் இருக்கிற சமாச்சாரம். நம்ம எச்சில்ல இருக்கிற புரதத்தோட ஒட்டிக்கிறதால வாய் இழுக்குது. வருஷக்கணக்குல மரப்பீப்பாயிலும் அப்புறம் பாட்டில்லயும் கிடக்கும்போது இந்த டானின் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருசாகி, ஒரு பகுதி வண்டலா அடியில தங்கிடும். துவர்ப்பு மெதுவாத் தணியும். பச்சைப் பழ வாசனை போய், காய்ஞ்ச அத்தி, புகையிலை, தோல் மாதிரி வாசனைகள் வரும். எல்லா ஒயினும் இப்படி முதிர்றதுக்காகச் செய்யப்பட்டது இல்லை. கடையில இருக்கிறதுல பெரும்பாலானவை ஒண்ணு ரெண்டு வருஷத்துல குடிச்சு முடிக்க வேண்டியவைதான். ஆனா முதிர வேண்டியதை முதிராமக் குடிக்கிறது, புது அரிசியில பிரியாணி செய்யற மாதிரி.

அரிசின்னதும் அப்பா ஞாபகம். திருவாரூர் பக்கம் அவருக்குச் சின்னதா ஒரு அரிசி மண்டி இருந்துச்சு. புது அரிசி குழையும், பழைய அரிசி உதிரி உதிரியா வேகும், அதனால பழைய அரிசிக்கு விலை ஜாஸ்தி. இது எல்லா வீட்டுலயும் தெரிஞ்ச விஷயம். ஆனா அந்தப் பழைய அரிசி சும்மா பழசாகலை. மூட்டையில போட்ட பணம் முடங்கிக் கிடக்கும், அதுக்கு வட்டி. குடோன் வாடகை. வண்டு, எலி. கடைசியில எடையும் குறையும். காத்திருக்கிற செலவை யாரோ ஒருத்தர் தாங்கணும்.

போர்டோவுல இந்தச் செலவு வாங்கறவன் தலையில விழுது. பெரிய பேர் வாங்கினவங்க, ஒயின் பீப்பாயில இருக்கும்போதே, அறுவடைக்கு அடுத்த வசந்தத்துலயே விலை சொல்லி வித்துடுவாங்க. பாட்டில் கைக்கு வர சுமார் ரெண்டு வருஷம். அதுக்கப்புறம் பத்து, பதினைஞ்சு வருஷம் வெச்சுக் காப்பாத்தறது உங்க பொறுப்பு. 12லேர்ந்து 14 டிகிரி வரைக்கும், ஏறாம இறங்காம, இருட்டுல, படுக்கப்போட்டு வைக்கணும். ரெண்டு பேர் தங்கற ஃபிளாட்ல எனக்குக் கட்டில் போடவே இடம் இல்லை, இதுல பாட்டிலை எங்கே படுக்கப்போடறது?

போன வருஷம் நண்பர்களோட ஸரகோஸா போனப்ப, அங்கிருந்து தெற்கே ஐம்பது கிலோமீட்டருக்குள்ள இருக்கிற கரிஞேனாங்கிற ஊருக்குப் போனோம். கல்லும் காத்துமா இருக்கிற வறண்ட பூமி. வடக்கேயிருந்து வர்ற குளிர் காத்துக்கு 'சியெர்ஸோ'ன்னு தனிப் பேரே உண்டு. 1585ல இரண்டாம் பிலிப் ராஜா வந்தப்ப நீரூற்றுல ஒயின் ஓடவிட்டாங்களாம். இன்னைக்கும் அறுவடைத் திருவிழாவுல அதே மாதிரி செய்யறாங்க. 1932லயே ஸ்பெயின் அரசு இந்தப் பகுதி ஒயினுக்குத் தனி அங்கீகாரம் கொடுத்துடுச்சு. ஆனா வெளியூர்ல பேர் கிடையாது. ஒயின்ல பெரும்பகுதி விவசாயிங்க கூட்டுறவுச் சங்கங்கள்ல செய்யறதுதான். அங்கே 'கிரான் ரிசர்வா' ஒண்ணு வாங்கினேன். 2016 அறுவடை. விலை? 9 யூரோ!

இதுல 'கிரான் ரிசர்வா'ங்கிறது விளம்பர வார்த்தை இல்லை மக்களே, சட்டம். ஸ்பெயின்ல சிவப்பு ஒயினுக்கு அந்தப் பேர் போடணும்னா மொத்தம் 60 மாசம் முதிரணும், அதுல குறைஞ்சது 18 மாசம் ஓக் பீப்பாயில. 'ரிசர்வா'ன்னா 36 மாசம், பீப்பாயில 12. 'கிரியான்ஸா'ன்னா 24 மாசம், பீப்பாயில 6. ரியோஹாவுல இன்னும் கறார், கிரான் ரிசர்வாவுக்கு பீப்பாயிலயே 24 மாசம். பக்கத்து நாடு போர்ச்சுகல்ல 'கர்ராஃபெய்ரா'ன்னு ஒண்ணு உண்டு. சிவப்புன்னா 30 மாசம், அதுல 12 மாசம் பாட்டில்ல. பைராதா, தாவ்ங்கிற பேர்கள்ல தேடினா கிடைக்கும். ஆனா ஏமாந்துடாதீங்க, அமெரிக்க பாட்டில்ல இருக்கிற 'ரிசர்வ்'க்கு இப்படி எந்த வருஷக் கணக்கும் கிடையாது. யார் வேணும்னாலும் அச்சடிச்சுக்கலாம்.

ரூம்மேட் கேட்டான்: "ஒன்பது யூரோவுக்கு என்னடா இருக்கப்போகுது? அஞ்சு வருஷம் மரத்துல ஊறின தண்ணிதான்." அவன் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. சட்டம் மாசத்தைத்தான் எண்ணும், ருசியை எண்ணாது. சத்தில்லாத ஒயினை அஞ்சு வருஷம் வெச்சா அது முதிராது, சோர்ந்துதான் போகும். எனக்கே ரெண்டு பாட்டில் அப்படி வந்து, ரசத்துல புளி செத்த மாதிரி இருந்துச்சு. அதனால பேர் பார்த்து ஆறு பாட்டில் வாங்காதீங்க. ஒண்ணு வாங்கிக் குடிச்சுப் பார்த்துட்டு மிச்சத்தை வாங்குங்க. ஜன்னல் வெயில்ல நிக்க வெச்ச பாட்டிலையும், கார்க்குக்கும் ஒயினுக்கும் நடுவுல நிறைய இடைவெளி இருக்கிற பாட்டிலையும் தொடவே வேண்டாம். குடிக்கிறதுக்கு முந்தின நாளே நிமிர்த்தி வெச்சா வண்டல் அடியில தங்கிடும்.

அந்த 9 யூரோ பாட்டில் நல்லா இருந்துச்சு. ரொம்பவே நல்லா. நம்ம ஆட்டுக்கால் குழம்போட சேர்த்துக் குடிச்சோம், ரூம்மேட்டே ரெண்டாவது தடவை கேட்டான். :-)

ஆனா அன்னைக்கு ராத்திரி மண்டைக்குள்ள இருந்த புரோகிராமர் கணக்குப் போட ஆரம்பிச்சுட்டான். முதல் வருஷத்துல 4 யூரோ செலவாகிற ஒயினுக்கு 5 சதவீத வட்டின்னு வெச்சாலும், அஞ்சு வருஷத்துல அது 5.10 யூரோ. 225 லிட்டர் பீப்பாயில 300 பாட்டில்தான் வரும், அந்தப் பீப்பாய் விலை தனி. மரத்து வழியா ஆவியாப் போறது தனி. இடம், கூலி, கடைக்காரர் லாபம், வரி. இதெல்லாம் போக அந்தக் கொடித்தோட்டக்காரருக்கு என்ன மிஞ்சியிருக்கும்? ஊர் பேர் தெரியாததால நிலம் மலிவு, திராட்சை மலிவு, அவர் காத்திருப்பும் மலிவு. எனக்கு லாபமா வந்தது அவரோட அந்தப் பேரில்லாத்தனம்தான்.

மறுநாள் அப்பாவுக்கு ஃபோன் பண்ணினேன். ஒயின் பத்திச் சொல்ல தைரியம் இல்லை, ஹி ஹி. "அப்பா, நீங்க ஏன் அரிசியை ஒரு வருஷம் வெச்சு விக்காம முன்னாடியே வித்துடுவீங்க?"ன்னு மட்டும் கேட்டேன்.

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "உன் காலேஜ் ஃபீஸ் கட்டற நேரம் வந்துடும் தம்பி. அரிசி காத்திருக்கும், காலேஜ் காத்திருக்குமா?"ன்னார்.

பழைய அரிசி விலை வேற யாருக்கோ போச்சு. எனக்கு டிகிரி வந்துச்சு.

அதனால என் கருத்து இதுதான். முதிர்ந்த ஒயின் குடிக்கணும்னா பெரிய பேருக்குக் காசைக் கொட்டாதீங்க, பேர் தெரியாத ஊர்களுக்குப் போங்க. ஆனா அங்கே போய் 'சீப்'பா அடிச்சுட்டோம்னு பீத்திக்காதீங்க. 9 யூரோ பாட்டில் பிடிச்சிருந்தா, அடுத்த தடவை அதே சங்கத்துக்காரங்க செய்யற 14 யூரோ பாட்டிலையும் வாங்குங்க. கடைசியா போனப்ப நான் அதைத்தான் செஞ்சேன். அஞ்சு வருஷம் நமக்காக ஒருத்தர் காத்திருக்கார்னா, கூட அஞ்சு யூரோ கொடுக்கிறதுல குறைஞ்சு போயிட மாட்டோம்.

உங்க ஊர்ல இப்படி வெச்சு முதிர வைக்கிற சமாச்சாரம் வேற என்ன இருக்கு? புளி, ஊறுகாய், எதுவா இருந்தாலும் பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டறதா இருந்தாலும் ஓகே. எங்க அப்பாகிட்ட மட்டும் போட்டுக் கொடுத்துடாதீங்க.